மாடு உதைச்ச கன்னம்



மார்கழி பொறந்து எட்டு நாளாச்சு. விடியால நாலரைக்கு எந்திரிச்சுக் கட்டுத்தரைக்குப் போறப்ப தலையில உருமாலை கட்டி, அதோட ஒரு முனையை இழுத்து இடது கன்னத்தை மட்டும் மூடிக்கிறேன். பார்க்கிறவங்க பல்லு வலின்னு நினைச்சுக்குவாங்க. பால் எடுக்கப் புதுசா வர்ற பையன் நேத்து, "ஏனுங்க மாமா, பல்லுப் புடுங்கியாச்சுங்களா?"ன்னு கேட்டான். ஆமாம்பான்னு சொல்லி அனுப்பிட்டேன். உள்ளதைச் சொல்லோணும்னா அரை மணி நேரம் ஆகும், சொசைட்டிக்கு வண்டி போகோணுமே.

பல்லு வலி இல்லைங்க. ஏழு வருசத்துக்கு முன்னால மாடு உதைச்சு எனக்குக் கன்ன எலும்பு உடைஞ்சுது. ஆபரேசன் பண்ணி மூணு தகடு வெச்சாங்க. எலும்பு கூடிருச்சு. மூஞ்சியும் பழையபடி ஆயிருச்சு. ஆனா அதோட எல்லாம் முடிஞ்சு போகல. மஞ்சளைப் பத்தி, வாய்க்கால் தண்ணியைப் பத்தி, எங்க ஊரு நோம்பியைப் பத்தி எல்லாம் உங்ககிட்டச் சொல்லிட்டேன். இதை மட்டும் சொன்னதே இல்ல. இன்னிக்குச் சொல்லிர்றேன்.

2018 ஐப்பசி மாசம். நல்ல மழை. சம்சாரம் அவங்க அம்மாவுக்கு முடியலைன்னு போயிருந்தாங்க. எப்பவும் பால் கறக்கறது அவங்கதான். அவங்க கை பட்டாத்தான் மாடு சொரக்கும். அப்ப எங்ககிட்ட செவலைன்னு ஒரு கலப்பின மாடு இருந்துச்சு, ரெண்டாம் ஈத்து. கன்னு போட்டு இருவது நாள். மொத நாள் பொழுதோட நான் கறக்கறப்பவே ஒரு காம்புல பால் திரிதிரியா வந்துச்சு. அந்தப் பக்கம் மடி கல்லாட்டம் இருந்துச்சு, தொட்டா சுட்டுது. பார்த்தேன். பார்த்துட்டும் சரி, விடியால பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்.

மறுநாள் விடியால எந்திரிக்கவே நேரமாயிருச்சு. சொசைட்டிக்கு ஆறு மணிக்குள்ள ஊத்தியாகோணும். செவலை கிட்டயே விடல, காலை மாத்தி மாத்தி வெச்சுது. அணைகயிறு ஆணியில தொங்குது. எடுத்துக் கட்டறதுக்கு ஒரு நிமிசம் ஆகுமா? அதைக் கட்டல. போசியை முழங்கால்ல இடுக்கிக்கிட்டு உக்காந்து, அந்தக் கல்லாப் போன காம்பைப் புடிச்சு வேகமா ஒரு இழுப்பு இழுத்தேன்.

மொதல்ல சத்தம்தாங்க கேட்டுச்சு. காஞ்ச தென்ன மட்டையை மிதிச்சா வருமே, அந்தச் சத்தம். அதுக்கப்புறம் நான் சாணிக் குழியோரம் கெடக்கிறேன். பாலு பூரா கொட்டிப் போச்சு. வலி அப்புறம்தான் வந்துச்சு.

இடது மூக்குல மட்டும் ரத்தம் ஒழுகுச்சு. தாழித் தண்ணியை எடுத்து மூஞ்சியைக் கழுவிட்டு, ரத்தக் கட்டி அடைச்சிருக்குன்னு மூக்கைப் பலமாச் சிந்தினேன். சிந்தின நிமிசத்துல இடது கண்ணு பலூன் ஊதினாப்புல ஊதி மூடிக்கிச்சு. தொட்டுப் பார்த்தா தோலுக்கடியில நொறுநொறுங்குது, உள்ளார பொரியைப் போட்டு வெச்சாப்புல. மூக்குக்குப் பக்கத்துல எலும்புக்குள்ள காத்து இருக்கற அறை ஒண்ணு இருக்குதாம். அது உடைஞ்சு, நான் சிந்தின காத்து அந்த வழியாக் கண்ணைச் சுத்தித் தோலுக்கடியில ஏறிருச்சுன்னு டாக்டர் அப்புறம் சொன்னாரு. மூஞ்சியில பலமா அடிபட்டா மூக்கைச் சிந்தவே கூடாதுங்க. இதை எங்க ஊர்ல யாருக்கும் தெரியல, எனக்கும் தெரியல.

பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி வந்து பார்த்தாரு. "வீக்கந்தானப்பா, மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்சுப் பத்துப் போடு, ரெண்டு நாள்ல வத்திரும்"னாரு. போட்டேன். ரெண்டு நாள் போச்சு. வீக்கம் கொஞ்சம் வத்துச்சு, ஆனா வேற மூணு சங்கதி தெரிஞ்சுது. ஒண்ணு, அண்ணாந்து பார்த்தா தென்ன மரத்துல ஒரு குலை ரெண்டாத் தெரிஞ்சுது. ரெண்டாவது, வாய் தொறக்கல, ஒரு விரல் போற அளவுக்குத்தான் தொறக்குது. மூணாவது, கண்ணுக்குக் கீழ இருந்து மேலுதடு வரைக்கும், இடது மூக்கோரமும், மேல்வரிசைப் பல்லும், என்னோடதாவே இல்ல. கிள்ளிப் பார்த்தேன். யாரோ ஒருத்தர் கன்னத்தைக் கிள்ற மாதிரி இருந்துச்சு.

மக ஃபோன்ல என் பேச்சுக் கொளறறதைக் கேட்டுட்டு, கோயமுத்தூர்ல இருந்து மாப்பிள்ளையோட காரை எடுத்துக்கிட்டு வந்துட்டா. "ஏனுங்கப்பா, மாட்டுக்கு ஒண்ணுன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்டரைக் கூட்டியாறீங்க, உங்களுக்கு ஒண்ணுன்னா சுண்ணாம்பா?"ன்னு போட்ட சத்தத்துல பங்காளி வேலியோரமே திரும்பிப் போயிட்டாரு.

ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்துட்டு என்னைப் பல்லு டாக்டருங்க இருக்கற பக்கம் அனுப்பினாங்க. எனக்கு ஒரே யோசனை. உடைஞ்சது கன்னம், பல்லு டாக்டரு என்ன பண்ணுவாருன்னு. அப்புறம்தான் தெரிஞ்சுது, பல்லுக்குப் படிச்சுட்டு மேல வாய், தாடை, முக எலும்பு ஆபரேசனுக்குன்னே மூணு வருசம் படிச்சவங்க இருக்காங்கன்னு. எனக்குப் பார்த்தவரு என் மகனை விட நாலஞ்சு வயசுதான் பெரியவரா இருப்பாரு. மண்டையோட்டு பொம்மை ஒண்ணை எடுத்து வெச்சுப் பொறுமையாச் சொன்னாரு.

கன்ன எலும்பு ஒரு கட்டில் மாதிரிங்களாம். அதுக்கு நாலு கால். ஒண்ணு நெத்திப் பக்கம், ஒண்ணு மேல்தாடை மேல, ஒண்ணு கண்ணுக்குக் கீழ, ஒண்ணு காதுப் பக்கம் போற வளைவு. எனக்கு நாலும் விட்டு, கட்டிலே உள்வாங்கி உக்காந்துருச்சு. காதுப் பக்க வளைவு உள்ள அமுங்கித் தாடையை அசைய விடாமத் தடுக்குது, அதனாலதான் வாய் தொறக்கல. கண்ணுக்குக் கீழ எலும்புல சின்னதா ஒரு ஓட்டை இருக்குது. அது வழியா ஒரு நரம்பு வெளிய வந்து கன்னம், மூக்கோரம், மேலுதட்டுக்கெல்லாம் பிரிஞ்சு போகுது. உடைஞ்ச விரிசல் சரியா அந்த ஓட்டை மேல போயிருக்குது.

எனக்கு ஒடனே புரிஞ்சுது. வரப்புக் கல்லுக்கு நடுவுல சொட்டுநீர்க் குழாய் போகுது, கல்லு சரிஞ்சு குழாய் நசுங்கிருச்சு, அந்தப் பாத்திக்குத் தண்ணி போகல. அவ்வளவுதான?

"அப்படித்தாங்கய்யா"ன்னாரு. "நசுங்கி மட்டும் இருந்தா உணர்ச்சி திரும்பி வரும், ஆறு மாசமோ ஒரு வருசமோ ஆகும். ஆனா எல்லாருக்கும் முழுசா வரும்னு சொல்ல முடியாது. எலும்பை நான் சரி பண்ணிர்றேன். நரம்புக்கு என்னால வாக்குக் குடுக்க முடியாது."

இதை அவரு அன்னிக்கே சொன்னாருங்க. ஒளிக்கல. எனக்குத்தான் காதுல ஏறல. கண்ணு ரெண்டாத் தெரியுது, வாய் தொறக்கல. அந்த ரெண்டும்தான் அப்ப எனக்குப் பெருசா இருந்துச்சு. மரத்துப் போனதெல்லாம் ஒரு சங்கதியான்னு விட்டுட்டேன்.

வீக்கம் வடியட்டும்னு வெச்சிருந்து ஆறாம் நாள் ஆபரேசன். புருவத்தோட கடைசியில ஒரு கீறல், கீழ் இமைக்கடியில ஒண்ணு, வாய்க்குள்ள ஈறுக்கு மேல ஒண்ணு. எலும்பைத் தூக்கி நிறுத்தி டைட்டானியத்துல மூணு தகடு, பன்னெண்டு திருகாணி. அப்புறம் எடுத்த எக்ஸ்ரேவை வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்தேன், சின்னப் பசங்க விளையாட்டுச் சாமானாட்டம் இருந்துச்சு. பங்காளிக்குத்தான் கவலை. "ஏம்ப்பா, துருப் புடிச்சுக்கிச்சுன்னா? இடி மின்னலுக்கு இழுக்காதா? மழை வந்தா இனி நீ காட்டுல நிக்காத." அவருக்குப் பயந்து டாக்டர்கிட்டயும் கேட்டேன். துருப் புடிக்காது, இடிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு சிரிச்சாரு.

ஆறு வாரம் கடிக்கக் கூடாது. ராகிக் கூழு, குழைய வேக வெச்ச அரிசிம்பருப்பு, பச்சப்பயிறு கடைஞ்சது. மூக்குச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தா வாயைத் தொறந்துக்கிட்டுத் தும்மோணும். வாய் தொறக்கறதுக்கு ஐஸ் குச்சியை அடுக்கிப் பல்லுக்கு நடுவுல வெக்கச் சொன்னாங்க. மொதல்ல ஒன்பது குச்சி. மூணு நாளைக்கொருக்கா ஒரு குச்சி சேர்த்து இருவத்திரெண்டு வரைக்கும் கொண்டு போனேன். ஒரு மாசத்துல தென்னங்குலை ஒண்ணாயிருச்சு. தை மாசம் மஞ்சக் காட்டுக்குள்ள எறங்கிட்டேன். பார்த்தவங்க எல்லாம் "அட, ஒண்ணுமே தெரியலையே, முந்தி விடப் பளிச்சுன்னு இருக்கீங்க"ன்னாங்க.

அங்கதாங்க கஷ்டமே ஆரம்பிச்சுது. வெளிய ஒண்ணுமே தெரியல.

எப்படிச் சொல்றது? மரத்துப் போறதுன்னா ஒண்ணுமே இல்லாமப் போறதுன்னு நீங்க நினைப்பீங்க. அப்படி இல்ல. கால் மரத்துப் போயி உசிர் வர்றப்ப ஒரு மதமதப்பு வருமே, அது மாதிரி நாளெல்லாம் கன்னத்துல இருக்கும். மேலுதடு ஒரு விரக்கடை தடிச்சாப்புல இருக்கும், கண்ணாடியில பார்த்தா தடிச்சிருக்காது. மேல்வரிசை இடது பல்லு மரப்பல்லு வெச்சாப்புல இருக்கும். கடலைக்காயைக் கடிச்சா பல்லு கடிக்குதா, கடலைக்காய் பல்லைக் கடிக்குதான்னு தெரியாது. சூடு தெரியாம டீயைக் குடிச்சு ரெண்டு வாட்டி உதடு வெந்து போச்சு. சவரம் பண்றப்ப அறுத்துக்குவேன், பனியன்ல ரத்தத்தைப் பார்த்தாத்தான் தெரியும்.

ஒரு வருசம் கழிச்சுக் கொஞ்சம் உணர்ச்சி வந்துச்சு. ஆனா தாறுமாறா வந்துச்சு. மூக்கோரம் சொறிஞ்சா பல்லுல கூசும். எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், தட்டிவிட்டா எறும்பு இருக்காது. தட்டித் தட்டிப் பழகி, சரி இது நரம்பு பண்ற வேலைன்னு விட்டுட்டேன். ஒரு நாள் வரப்புல உக்காந்திருக்கறப்ப அப்படித்தான் ஊருச்சு, நானும் விட்டுட்டேன். நெசமாலுமே கட்டெறும்பு. கடிச்சு உதடு வீங்கினப்புறம் சம்சாரம் பார்த்துட்டுச் சொன்னாங்க.

பனிக்காலம் வந்தா அது வேற. கண்ணுக்குக் கீழ இருக்கற தகடு மேல சதையே இல்ல, வெறும் தோலுதான். விரல் வெச்சா வரப்பாட்டம் தட்டுப்படும். குளுந்த காத்துப் பட்டா அங்க இருந்து ஒரு வலி கெளம்பும். வெட்டுற வலி இல்ல, குடையற வலி. ஐஸைத் துணியில சுத்தி எலும்புக்குள்ள வெச்சாப்புல. பஸ்ஸுல சன்னலோரம் உக்கார முடியாது. காத்தாடிக்கு நேரா படுக்க முடியாது. மழை வர்றதுக்கு மொத நாள் கன்னம் கனக்கும். ஊருக்குள்ள அதுவே ஒரு கேலியாப் போச்சு. "மாமா, நாளைக்கு மருந்தடிக்கலாங்களா? உங்க கன்னம் என்ன சொல்லுது?"ன்னு கேப்பானுங்க. நானும் சொல்லுவேன். பாதி நாள் சரியாத்தான் இருக்கும்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கலாங்க. பொறுக்க முடியாதது சோறு.

சாப்பிடறப்ப இடது உதட்டோரம் ஒரு பருக்கை ஒட்டிக்கிட்டிருந்தா எனக்குத் தெரியாது. மோரு கடைவாயில வழிஞ்சாத் தெரியாது. வீட்டுல சம்சாரம் எதிர்ல உக்காந்து அவங்க உதட்டைத் தொட்டுக் காட்டுவாங்க, நான் தொடைச்சுக்குவேன். எங்களுக்குள்ள அது ஒரு சாடை. வெளிய போனா? ஒரு வாட்டி உரக் கடைக்காரரு வீட்டு விசேசத்துல சாப்பிட்டு எந்திரிச்சு, நாலு பேருகிட்ட அரை மணி நேரம் பேசிட்டு வந்தேன். வண்டி கண்ணாடியில பார்த்தா உதட்டுல தக்காளிச் சட்டினியும் மீசையில ஒரு பருக்கையும். நாலு பேரும் பார்த்துட்டுத்தான் பேசியிருக்காங்க. யாரும் சொல்லல. ஒரு சின்னப் பொண்ணு அவங்கம்மா காதுல என்னமோ சொல்லிச் சிரிச்சது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

அதுக்கப்புறம் நான் பந்தியில உக்காரறதை விட்டுட்டேன்.

2019 ஆவணியில என் தங்கச்சி மக கல்யாணம். நான் தாய்மாமன். சீர்த்தட்டு எடுத்துட்டுப் போயி, செய்ய வேண்டிய மொறை எல்லாம் ஒரு கொறையில்லாமச் செஞ்சேன். தாலி கட்டியாச்சு. பந்திக்குக் கூப்பிட்டாங்க. மாப்பிள்ளை வீட்டாளுங்க எல்லாம் எதிர்வரிசையில உக்காந்திருக்காங்க. இலை முன்னால போயி நின்னேன். கால் வரல. மோட்டாரை ஓட விட்டுட்டு வந்துட்டேன், தண்ணி வீணாப் போகும்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். வர்ற வழியில வாய்க்கால் பாலத்துக்கிட்ட நிறுத்தி ரெண்டு வாழப்பழம் வாங்கித் தின்னேன்.

உங்களுக்கு இது சாதாரணமாத் தெரியலாம். எங்க பக்கம் தாய்மாமன் கை நனைக்காமப் போறதுன்னா அது சும்மா இல்லைங்க. அந்த ஊட்டுச் சோறு வேண்டாம்னு சொல்ற மாதிரி. மாப்பிள்ளை வீட்டுல, "உங்க அண்ணனுக்கு இந்தச் சம்பந்தம் புடிக்கலையா?"ன்னு கேட்டுட்டாங்க. தங்கச்சி எனக்கு ஃபோன் பண்ணல. நானும் பண்ணல. ஆடி நோம்பிக்கு வரல, தீவாளிக்கு வரல, பொங்கச் சீர் எடுத்துட்டுப் போனா பண்ணையத்து ஆளை விட்டு வாங்கி வெச்சா. சம்சாரம், "காரணத்தைச் சொல்லிட்டா முடிஞ்சுது, சொல்லுங்களே"ன்னாங்க. என்னன்னு சொல்றது? சோறு ஒட்டறது தெரியல, வெக்கமா இருந்துச்சுன்னா? அம்பது வயசு ஆம்பளை, எலும்பு கூடி வேலை செஞ்சுக்கிட்டு இருக்கறவன், அதைச் சொல்லி யாரு நம்புவாங்க? மகனுக்கிட்ட ஒருக்கா சொல்லிப் பார்த்தேன். "அப்பா, ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னுதான சொன்னாங்க, நீங்களே அதை நினைச்சுக்கிட்டு இருக்கீங்க"ன்னான். அவன் மேல தப்பில்ல. ஸ்கேன்ல எலும்புதான் தெரியும்.

2020ல எல்லாரும் முகக்கவசம் போட்டப்ப எனக்கு மட்டும் ஒரு நிம்மதி, சொன்னா நம்ப மாட்டீங்க. மூஞ்சியை யாரும் பார்க்கல. பனிக்கும் கதகதப்பா இருந்துச்சு. விசேசத்துக்கும் யாரும் கூப்பிடல. ஆனா அதோட மேல்விளிம்பு சரியாத் தகட்டு மேல உரசும், கண்ணீர் வந்துரும். மூக்குக்குக் கீழ எறக்கிவிட்டா போலீஸ்காரரு திட்டுவாரு.

2021 மாசியில எங்கம்மாவுக்கு மேலுக்கு முடியாமப் போச்சு. தங்கச்சி வந்தா. எங்கிட்டப் பேசாம நேரா அம்மாகிட்டப் போயி உக்காந்துக்கிட்டா. மத்தியானம் நான் சாளைக்குப் பின்னால, சுவத்தைப் பார்த்துக்கிட்டுத் தனியா உக்காந்து மோருஞ்சோறு தின்னுக்கிட்டிருந்தேன். அப்படித் தின்னே பழகிப் போச்சு. தண்ணி மோக்க வந்தவ பக்கவாட்டுல நின்னுட்டா. மோரு கடைவாயில வழிஞ்சு தாடைக்கு வந்து சட்டையில சொட்டியிருக்குது. எனக்கு ஒண்ணும் தெரியல. அவ பார்த்துக்கிட்டே இருந்திருக்கா.

"அண்ணா, வாயில வழியுதுங்." 

அவசரமாத் தொடைச்சேன், வலது பக்கத்தை. அவ முந்தானையை எடுத்து இடது பக்கம் தொடைச்சா. தொடைக்கறது எனக்குத் தெரியலைன்னு அவளுக்குப் புரிஞ்சு போச்சு.

"எத்தன நாளா இப்படி?"

"மாடு உதைச்சதுல இருந்துதான்."

சித்தெ நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "இதுக்கோசரமா அன்னிக்கிக் கை நனைக்காமப் போனீங்க?"ன்னா. தலையாட்டினேன். அழுதா. அழுதுக்கிட்டே திட்டினா. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உள்ளார அறையில எலை போட்டிருக்க மாட்டனா? பக்கத்துல உக்காந்து ஊட்டியிருக்க மாட்டனா? எம்மகளைச் சம்பந்தி வீட்டுல ஒண்ணரை வருசம் பேச்சுக் கேக்க வெச்சுட்டீங்களே"ன்னா. அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குச் சுருக்குன்னுது. என் வெக்கத்தை மட்டும் பார்த்தேன். அந்தப் பொண்ணு புதுசாப் போன ஊட்டுல அதனால என்ன பட்டிருக்கும்னு ஒரு நாளும் நினைக்கல.

அடுத்த வாரமே அந்தப் புள்ள வீட்டுக்குப் போயி, அவ மாமனார் மாமியாருகிட்ட உள்ளதைச் சொல்லிட்டு, அங்கயே உக்காந்து சாப்பிட்டு வந்தேன். அந்த மாமனாரு, "எனக்கும் சர்க்கரையில பாதம் மரத்துப் போச்சுங்க. செருப்பு கழண்டது தெரியாம ரோட்டுல நடந்துட்டு இருப்பேன்"னாரு. ரெண்டு பேரும் அன்னிக்கு ரொம்ப நேரம் பேசினோம்.

செவலையைப் பத்திச் சொல்லியாகோணும். நான் ஆஸ்பத்திரியில இருக்கறப்ப மச்சான் அதை வித்துரலாம்னு யாவாரியைக் கூட்டியாந்துட்டாரு. சம்சாரம்தான் விடல. "அது சும்மா உதைக்காது, மடியைப் பாருங்க"ன்னு கால்நடை டாக்டரை வரச் சொல்லியிருக்காங்க. மடிநோய். அஞ்சு நாள் ஊசி போட்டு, காம்புக்குள்ள மருந்து ஏத்தி, அந்தப் பாலையெல்லாம் யாருக்கும் குடுக்காமக் கீழ ஊத்தச் சொல்லியிருக்காரு. "காம்புல கை வெச்சாலே அதுக்கு உசிரு போயிருக்கும்"னாராம். உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது, அந்தப் பாலைத்தான் நான் துணியில வடிகட்டி சொசைட்டிக்கு ஊத்திரலாம்னு அன்னிக்கு உக்காந்தேன். மாடு உதைச்சுதுன்னு ஊர்ல எல்லாருக்கும் சொன்னேன். இதை யாருக்கும் சொல்லல.

அதுக்கு வாயில்ல, வலிக்குதுன்னு காலாலதான் சொல்ல முடிஞ்சுது. எனக்கு வாய் இருந்துச்சு. ரெண்டு வருசத்துக்கு மேல நான் சொல்லல. செவலை அப்புறமும் மூணு ஈத்து ஈனி, போன வருசம் எங்க கட்டுத்தரையிலயே கண்ணை மூடுச்சு. இப்ப இருக்கறது அதோட கன்னுதான். கறக்கறதுக்கு முன்னால நாலு காம்பையும் கையால தடவிப் பார்க்காம நான் போசியை எடுக்கறதில்ல.

இப்ப எதுக்கு இதைச் சொல்றேன்னா, இந்த வருசம் கண்ணுக்குக் கீழ இருக்கற தகட்டுல ஒரு திருகாணி கொஞ்சம் மேல வந்தாப்புலத் தட்டுப்படுது. ஐப்பசியில போயிக் காட்டினேன். அதே டாக்டரு, அவருக்கும் நெத்தியில முடி ஏறிப் போச்சு. எலும்பு நல்லாக் கூடிருச்சு, இனி அந்தத் தகடு உங்களுக்குத் தேவையில்ல, வேணும்னா எடுத்துரலாம்னாரு. எடுத்தா பனிக்கு வர்ற வலி கொறைய வாய்ப்பிருக்குது, கொறைஞ்சே தீரும்னு சொல்ல முடியாது. மரத்துப் போனது அதனால வராது. மறுபடியும் மயக்க ஊசி, இமைக்கடியில மறுபடியும் ஒரு கீறல். நரம்புக்குன்னு குடுத்த மாத்திரையை முந்தியே தின்னு பார்த்தேன், வலி கொஞ்சம் அடங்குச்சு, ஆனா மடை மாத்தப் போனவன் வரப்புலயே தூங்கிட்டேன். மஞ்ச வெட்டு முடியட்டும், பங்குனியில வந்து எடுத்துக்கறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இந்த வாட்டி வாக்குக் குடுக்க முடியாதுன்னு அவரு சொன்னது காதுல நல்லாவே ஏறுச்சு.

உங்கள்ல யாருக்காச்சும் மூஞ்சியில அடிபட்டா, வண்டியில விழுந்தாலும் சரி, பந்து பட்டாலும் சரி, மூணைப் பாருங்க. கன்னம் மரத்திருக்குதா, ஒண்ணு ரெண்டாத் தெரியுதா, வாய் தொறக்குதா. இதுல ஒண்ணு சரியில்லைன்னாலும் பத்துப் போட்டுக்கிட்டு உக்காராதீங்க, மூக்கைச் சிந்தாதீங்க, அன்னிக்கே போயிக் காட்டுங்க. ஆபரேசன் ஆனவங்க வீட்டுல இருந்தா, "அதான் நல்லாயிருச்சே"ன்னு மட்டும் சொல்லாதீங்க. உதட்டுல பருக்கை இருந்தாச் சொல்லுங்க. சொல்லாம இருக்கறது மரியாதை இல்லைங்க.

போன வாரம் தங்கச்சி பேரனுக்கு மொட்டை அடிச்சுக் காது குத்து. ஆறு வருசம் கழிச்சு ஊர்ப் பந்தியில உக்காந்தேன். எதிர்ல சம்சாரம், தங்கச்சி, மருமவ மூணு பேரும் வரிசையா உக்காந்துக்கிட்டாங்க, எனக்குக் காவலு. ரசத்துக்கு வர்றப்ப மூணு பேரும் ஒரே நேரத்துல அவங்கவங்க உதட்டைத் தொட்டாங்க. நான் தொடைச்சேன். என் பக்கத்துல உக்காந்திருந்த வெளியூர்க்காரரும், எதுக்குன்னு தெரியாம, அவரு வாயைத் தொடைச்சுக்கிட்டாரு. தங்கச்சி சிரிச்சதுல அவளுக்குப் பொரையேறிருச்சு.

சரிங்க, வண்டி சத்தம் கேக்குது. பால் ஊத்திட்டு வர்றேன். மஞ்ச வெட்டு எப்படிப் போச்சுன்னு அடுத்தாப்புல சொல்றேன்.